துண்டைப் பிடித்தால் சொல் சிக்கும்: ஆங்கிலச் சொல்வளத்துக்குத் தோட்டப்புறத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தினமும் பத்து ஆங்கிலச் சொல் மனப்பாடம் செய்யச் சொல்லிப் பிள்ளையை உட்கார வைக்காத வீடு மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் குறைவு. ஒரு நோட்டு, இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். ஏ எழுத்தில் தொடங்கி அகராதி வரிசையிலேயே போகும். சி எழுத்தைத் தாண்டுவதற்குள் ஏ-யில் படித்ததெல்லாம் காற்றோடு போயிருக்கும். அப்புறம் பிள்ளைக்கு ஞாபகசக்தி போதாது என்று வல்லாரைக் கீரை வாங்கப் போய்விடுவார்கள். கோளாறு வரிசையில்தான். அகராதி வரிசை ஒரு சொல்லைத் தேடி எடுக்க வசதியானது. பக்கத்துப் பக்கத்துச் சொற்களுக்குள் எந்த உறவும் இல்லாததால் மனத்தில் நிறுத்த அது உதவாது.

இங்கே சொல்லப்போவது வேறு வரிசை. ஒரே எழுத்துத் துண்டைச் சுமக்கும் சொற்களை ஒரே பக்கத்தில் கூட்டுவது. அந்தத் துண்டுக்கு ஒரு பொருள் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால் பத்துச் சொல்லுக்குப் பாதி வேலை முடிந்தது.

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கும் ஊர் இது. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்ட குடும்பங்கள் நிறைய. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கடைத்தெருவில் எல்லாம் கலந்த பேச்சு. ஆங்கிலம் காதில் விழுவது பெரும்பாலும் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும்தான். கோலாலம்பூர்ப் பிள்ளைகளைப் போலக் கேட்டுக் கேட்டுப் பழகும் வாய்ப்பு குறைவு. ஆனால் நம் பிள்ளைகளுக்கு மலாய் மொழி நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தைப் பிரித்துப் படிக்க அது எவ்வளவு பெரிய சாவி என்பதை வீட்டிலும் வகுப்பிலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நான் நடத்தும் மாலை நேரப் பிரத்தியேக வகுப்பில் அந்தச் சாவியைத்தான் முதலில் கையில் கொடுக்கிறேன்.

ஒரு சேதி. சொற்களை இங்கே தமிழ் எழுத்தில், ஒலிப்படி எழுதியிருக்கிறேன். உங்கள் நோட்டில் ஏறும்போது ஒவ்வொன்றையும் அகராதியில் பார்த்து ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். அந்தப் பார்த்தெழுதும் வேலையே பாதிப் படிப்பு.

படி 1: நோட்டைத் தயார் செய்வது

கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்று போதும். ஒரு துண்டுக்கு எதிரெதிரான இரண்டு பக்கங்களை ஒதுக்குங்கள். இடது பக்கத்தின் நடுவில் துண்டைப் பெரிதாக எழுதி, அதன் பொருளைத் தமிழில் எழுதுங்கள். அதைச் சுற்றிச் சொற்கள் வரும். வலது பக்கத்தில் மூன்று பத்தி: ஆங்கிலச் சொல், தமிழ்ப் பொருள், மலாய்ச் சொல். மலாய்ச் சொல் அதே துண்டோடு இருந்தால் சிவப்பு மையில் எழுதுங்கள். ஏன் சிவப்பு என்பது ஆறாம் படியில் புரியும். பக்கத்தின் அடியில் நான்கு விரல் அகலம் காலியாக விடுங்கள், அது துண்டு இருப்பதுபோல் காட்டி ஏமாற்றும் சொற்களுக்கு.

ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்று ஓடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு போதும்.

படி 2: தெரிந்த இலக்கணத்தைக் கையில் எடுப்பது

மலாய்ப் பாடத்தில் இம்புஹான், அதாவது முன்னொட்டும் பின்னொட்டும், படிக்காத மாணவர் இந்த நாட்டில் இல்லை. 'ஆஜார்' என்ற ஒரே அடிச்சொல்லிலிருந்து பெலாஜார் என்றால் படிப்பது, மெங்காஜார் என்றால் கற்பிப்பது. மாணவரைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் பெலாஜார்தான், குழம்ப வேண்டாம். படிப்பது என்றால் பந்தைக் குறிக்கும் ஆங்கில 'பால்' என்ற சொல்லின் முதல் எழுத்து, மாணவர் என்றால் பேனாவைக் குறிக்கும் 'பென்' என்ற சொல்லின் முதல் எழுத்து. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், நோட்டில் வேறு வேறாக நிற்கும். பெலாஜாரான் பாடம், பெங்காஜாரான் கற்பித்தல். அடிச்சொல் அசையாமல் நடுவில் நிற்கிறது. முன்னும் பின்னும் ஒட்டுவது மாறுகிறது, பொருளும் அதற்கேற்ப மாறுகிறது.

தமிழிலும் இதைப் படித்திருக்கிறோம். பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று ஆறாகப் பிரித்துக் காட்டுகிறது நன்னூல். தமிழில் ஒட்டுகள் பெரும்பாலும் பின்னால்தான் வரும். மலாயில் முன்னும் பின்னும் வரும். ஆங்கிலம் இந்த விஷயத்தில் மலாய்ப் பக்கம்.

ஆங்கிலத்துக்கு இத்தனை துண்டுகள் எங்கிருந்து வந்தன? 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு பல தலைமுறை கோலோச்சியது. தேவாலயமும் கல்வியும் லத்தீனில் நடந்தன. அறிவியல் வளர்ந்தபோது கிரேக்கத் துண்டுகளும் சேர்ந்தன. அதனால் வீட்டுச் சொற்கள் பழைய ஆங்கிலமாகவும், அலுவலகம், பள்ளி, மருத்துவமனைச் சொற்கள் லத்தீன், கிரேக்கமாகவும் இருக்கின்றன. தேர்வில் பிள்ளைகளைத் திணற வைப்பது இந்த இரண்டாவது வகை. துண்டு துண்டாகப் பிரிக்க வருவதும் அதே வகைதான் என்பது நம் அதிர்ஷ்டம்.

படி 3: முதல் துண்டு, போர்ட்

லத்தீனில் 'போர்த்தாரே' என்றால் சுமந்து செல்வது. இப்போது முன்னொட்டுகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். இம்போர்ட், உள்ளே சுமந்து வருவது, இறக்குமதி. எக்ஸ்போர்ட், வெளியே கொண்டு போவது, ஏற்றுமதி. டிரான்ஸ்போர்ட், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், போக்குவரத்து. ரிப்போர்ட், பார்த்ததைத் திருப்பிச் சுமந்து வந்து சொல்வது, அறிக்கை. சப்போர்ட், அடியில் நின்று தாங்குவது, ஆதரவு. டிபோர்ட், நாட்டைவிட்டு அனுப்பிவிடுவது. போர்ட்டபிள், தூக்கிக்கொண்டு போகக்கூடியது. போர்ட்டர், சுமை தூக்குபவர்.

எட்டுச் சொல்லையும் தனித்தனி வாக்கியத்தில் எழுதுவதைவிட ஒரே கதையில் கோப்பது நல்லது. நமக்குக் கதை பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில், பேராக்கின் பிரிட்டிஷ் ஆலோசகரான ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த மரங்களில் ஒன்று இன்னமும் கோலகங்சாரில் நிற்கிறது. இதை ஆங்கிலத்தில் நாலு வரி எழுதச் சொன்னால் டிரான்ஸ்போர்ட், இம்போர்ட், எக்ஸ்போர்ட் மூன்றும் தாமாக வந்து விழும். பள்ளிச் சுற்றுலாவில் அந்த மரத்தைப் பார்த்த பிள்ளைக்கு மறக்கவும் மறக்காது.

போர்ட் கிள்ளானில் இருக்கும் போர்ட், துறைமுகம். அது 'போர்த்துஸ்' என்ற இன்னொரு லத்தீன் சொல், முதல் சொல்லுக்கு ஒன்றுவிட்ட உறவு. வாய்ப்பு என்று பொருள்படும் ஆப்பர்ச்சூனிட்டி இந்தத் துறைமுகத்துப் பிள்ளை: கப்பலைத் துறைமுகம் நோக்கித் தள்ளும் காற்று வாய்த்தால் அதுதானே வாய்ப்பு. இவற்றைப் பக்கத்தின் ஒரு மூலையில் தனியாகக் கட்டம் போட்டு எழுதுங்கள். பங்கு என்று பொருள்படும் போர்ஷன், உருவப்படமான போர்ட்ரெய்ட் இரண்டும் இந்தக் குடும்பமே இல்லை. அடியில் விட்ட காலி இடத்துக்கு அனுப்புங்கள்.

படி 4: தோட்டத்திலேயே கிடக்கும் துண்டுகள்

செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மண் சாலையில் போகிறதே டிராக்டர், அதைப் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. 'டிராக்ட்' என்றால் இழு. டிராக்டர் இழுப்பது. அட்ராக்ட், தன் பக்கம் இழுப்பது, கவர்வது. டிஸ்ட்ராக்ட், வேறு பக்கம் இழுப்பது, கவனத்தைச் சிதறடிப்பது. எக்ஸ்ட்ராக்ட், உள்ளேயிருப்பதை வெளியே இழுப்பது: பல்லையும் பிடுங்கலாம், பழத்திலிருந்து எண்ணெயையும் எடுக்கலாம். சப்டிராக்ட், கழிப்பது. கான்ட்ராக்ட் என்பதற்கு இரண்டு பொருள். ஒன்று சுருங்குவது, இன்னொன்று ஒப்பந்தம். இரு தரப்பையும் ஓரிடத்துக்கு இழுத்துக் கட்டுவது என்று பாருங்கள், இரண்டு பொருளும் ஒரே இடத்திலிருந்து வருவது தெரியும். மலாயில் டிராக்டர், கொன்ட்ராக், எக்ஸ்ட்ராக். சிவப்பு மையை எடுங்கள்.

அடுத்தது 'டக்ட்', வினையில் 'டியூஸ்' என்று வரும். பொருள்: நடத்திச் செல், வழிநடத்து. தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா பாட்டிகளிடம் கேளுங்கள், வெளிக்காட்டு வேலையை மேய்த்த கண்டக்டர் ஐயாவைப் பற்றிச் சொல்வார்கள். கணக்கு எழுதிய கிராணிக்கும் ஆட்களை மேய்த்த தண்டலுக்கும் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடத்தில் இடமில்லை, கண்டக்டருக்கு உண்டு. ஆட்களை நடத்துபவர் கண்டக்டர், இசைக்குழுவை நடத்துபவரும் கண்டக்டர், மின்சாரத்தைக் கடத்தும் செம்புக் கம்பியும் அறிவியல் பாடத்தில் கண்டக்டர்தான். இன்ட்ரொடியூஸ், உள்ளே அழைத்து வந்து அறிமுகம் செய்வது. ரெடியூஸ், பின்னுக்குக் கொண்டுபோவது, குறைப்பது. புரொடியூஸ், முன்னே கொண்டு வருவது, உற்பத்தி செய்வது. கல்வி புகட்டும் எஜுகேட்டும் இந்த உறவில் வந்ததே.

இந்தக் குடும்பத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. வினை 'டியூஸ்' என்று முடிந்தால் பெயர் 'டக்ஷன்' என்று முடியும். ரெடியூஸ், ரிடக்ஷன். புரொடியூஸ், புரொடக்ஷன். இன்ட்ரொடியூஸ், இன்ட்ரொடக்ஷன். ஆனால் டிடக்ஷனுக்கு இரண்டு தாய். டிடியூஸ் என்றால் தடயங்களை வைத்து ஊகித்து முடிவுக்கு வருவது. டிடக்ட் என்றால் பிடித்தம் செய்வது. இரண்டுக்கும் பெயர் டிடக்ஷன்தான்.

பிடித்தத்தைப் பார்க்க அப்பா அம்மாவின் சம்பளச் சீட்டை வாங்கிப் பிள்ளையின் முன்னால் வையுங்கள். ஊழியர் சேமநிதிக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோவுக்கும் போன தொகைக்கு மேலே டிடக்ஷன் என்று இருக்கும். பக்கத்தில் கான்ட்ரிபியூஷன் இருக்கலாம், 'டிரிப்யூட்' துண்டு, சேர்ந்து கொடுப்பது. டிஸ்ட்ரிபியூட் என்றால் பிரித்துக் கொடுப்பது. மின்கட்டண பில், தண்ணீர் பில், கிளினிக் சீட்டு எல்லாமே இப்படித்தான். இவற்றில் மலாயோடு ஆங்கிலமும் அச்சாகியிருந்தால் காசு கொடுத்து வாங்கும் பயிற்சிப் புத்தகத்துக்குச் சமம்.

மூன்றாவது 'ஸ்பெக்ட்', பார். இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்து பார்ப்பவர். சஸ்பெக்ட், கீழிருந்து மேலாகப் பார்ப்பது, அதாவது சந்தேகப் பார்வை. ரெஸ்பெக்ட், திரும்பிப் பார்ப்பது, மதிப்பு. ஸ்பெக்டேட்டர், பார்வையாளர். எக்ஸ்பெக்ட், வெளியே பார்த்துக் காத்திருப்பது; எக்ஸ் எழுத்திலேயே எஸ் ஒலி இருப்பதால் தனி எஸ் உதிர்ந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை எக்ஸ்பெக்டில் எஸ் சேர்த்து எழுதாது.

மற்ற துண்டுகளை ஒரே மூச்சில் தருகிறேன், பக்கங்களை நீங்களே நிரப்புங்கள். 'டிக்ட்' சொல்லுதல்: டிக்டேஷன், பிரிடிக்ட், கான்ட்ரடிக்ட். 'ஸ்கிரிப்ட்' எழுதுதல்: மனுஸ்கிரிப்ட், பிரிஸ்கிரிப்ஷன், டிஸ்கிரிப்ஷன். 'விஸ்', 'விட்' காணுதல்: விசிபிள், விசிட், எவிடென்ஸ். 'ஸ்ட்ரக்ட்' கட்டுதல்: ஸ்ட்ரக்சர், கன்ஸ்ட்ரக்ட், இன்ஸ்ட்ரக்ட். கிரேக்கத்திலிருந்து 'டெலி' தொலைவு, 'கிராஃப்' எழுத்து, 'ஃபோட்டோ' ஒளி, 'பயோ' உயிர்.

படி 5: முன்னொட்டு ஏன் உருமாறுகிறது

பிள்ளைகள் அதிகம் திணறும் இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'இன்' என்றால் இல்லை என்று படிக்கிறார்கள். இன்விசிபிள், கண்ணுக்குத் தெரியாதது. சரி. பாசிபிள் என்பதற்கு எதிர்ச்சொல் ஏன் இன்பாசிபிள் இல்லாமல் இம்பாசிபிள்? லீகலுக்கு ஏன் இல்லீகல்? ரெகுலருக்கு ஏன் இர்ரெகுலர்? நாலு தனி முன்னொட்டு என்று நினைத்து நாலு பட்டியல் போடுகிறார்கள். எல்லாம் ஒரே 'இன்'தான். அடுத்து வரும் எழுத்துக்கு வாய் வளைந்து கொடுக்கிறது, அவ்வளவே.

இது நமக்குப் புதிதா என்ன? மரம் என்பதோடு கள் சேர்த்தால் மரம்கள் என்றா எழுதுகிறோம்? மரங்கள். தான் சேர்ந்தால் மரந்தான். புணர்ச்சியில் திரிதல் விகாரம். மலாய்க்கு வாருங்கள். பாச்சா என்பது மெம்பாச்சா ஆகிறது, டெங்ஙார் என்பது மெண்டெங்ஙார், ஆஜார் என்பது மெங்காஜார். உதட்டில் பிறக்கும் எழுத்துக்கு முன் 'ம்', நுனிநாக்கு எழுத்துக்கு முன் 'ன்'. மூன்று மொழிக்கும் ஒரே வாய்தானே! இம்பாசிபிளை மெம்பாச்சாவோடு ஒரே வரியில் எழுதிக் காட்டினால் வகுப்பில் விளக்கம் தேவைப்படுவதில்லை.

'சப்' என்பதும் இப்படியே. அடியில் என்று பொருள். சப்மரீனில் அப்படியே நிற்கும். சப்போர்ட்டில் பி எழுத்து இரட்டிக்கும். சஸ்பெக்டில் பாதி தேய்ந்துவிடும். 'அட்' என்பது அட்ராக்டில் டி இரட்டிப்பாக வரும். இரட்டை எழுத்து எங்கே போடுவது என்று எழுத்துக்கூட்டலில் தடுமாறும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. முன்னொட்டின் கடைசி எழுத்து, துண்டின் முதல் எழுத்தாக மாறியதால்தான் அங்கே இரண்டு எழுத்து நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. 'இன்' என்பதற்கு உள்ளே என்ற இன்னொரு பொருளும் உண்டு. இம்போர்ட்டில் இருப்பது அது. இன்ஃப்ளேமபிள் என்ற சொல்லிலும் அதுவே, அதாவது தீக்குள் போகக்கூடியது, எளிதில் தீப்பிடிப்பது. தீப்பிடிக்காது என்று யாராவது எடுத்துக்கொண்டால் விபரீதம். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் எரிபொருள் லோரிகளில் வெறும் ஃப்ளேமபிள் என்று எழுதும் வழக்கம் வந்தது. இரண்டுக்கும் ஒரே பொருள்.

படி 6: மலாய்ப் பாலம்

சிவப்பு மைச் சொற்களுக்கு வருவோம். மலாய் எழுத்துக்கூட்டலைச் சில விதிகளின்படி மாற்றினால் ஆங்கிலம் கிடைக்கும்.

மலாயில் 'இத்தி' என்று முடிவது ஆங்கிலத்தில் 'இட்டி', கடைசி எழுத்து ஒய். உனிவெர்சித்தி, குவாலித்தி, அக்திவித்தி, கொமுனித்தி எல்லாம் இந்த வகை. 'இஃப்' என்று முடிவது 'இவ்', கடைசியில் வி, ஈ: ஆக்திஃப், பாசிஃப், கிரேயாதிஃப், நெகாதிஃப். 'லொகி' என்பது 'லஜி': பியொலொகி, தெக்னொலொகி. 'சி' என்று முடிவது பெரும்பாலும் 'ஷன்': இன்ஃப்லாசி, பொப்புலாசி, ஒப்பெராசி. சிலவற்றில் 'ஷென்' என்றே மலாயிலும் வரும், தெலெவிஷென், செஷென் போல. அவற்றை மாற்றவே தேவையில்லை, எழுத்துக்கூட்டலை மட்டும் கவனித்தால் போதும்.

'இக்' என்று முடிவதில்தான் ருசி. முசிக், பிளாஸ்டிக், எலெக்ட்ரிக், கிளினிக். மலாயில் கடைசி எழுத்து கே, ஆங்கிலத்தில் சி. கட்டுரையில் பிள்ளைகள் கே போட்டுவிட்டு வருவார்கள், திருத்தித் திருத்திச் சிவப்பு மைதான் தீரும். விதியைச் சொல்லிவிட்டால் அடங்கிவிடும். ஆனால் உனிக், அந்திக், தெக்னிக், பூத்திக் நாலும் பிரெஞ்சு வழி வந்தவை, அவற்றின் வால் ஐ, கியூ, யூ, ஈ. நாலையும் ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

எஃப் எழுத்தும் இப்படி. தெலெஃபொன், ஃபொட்டோ, ஃபார்மாசி, ஃபிசிக். மலாயில் எஃப் இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் பி, எச் இருக்கலாம், கிரேக்கச் சொல்லாக இருந்தால். ஃபாசில், ஃபைனல் போன்றவை லத்தீன், எஃப் அப்படியே நிற்கும். கே ஒலி இருக்கும் இடத்திலும் கிரேக்கம் என்றால் சி, எச் வரும்: கொலெரா, குரோனிக், குளோரின்.

மலாய் அகராதிக்கு மலாய் மொழிக்கான அரசு நிறுவனம் டேவான் பஹாசா டான் புஸ்தாகா நடத்தும் பி.ஆர்.பி.எம். இணையதளம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. ஆங்கிலச் சொல்லின் பிறப்பு தெரிய ஆன்லைன் எட்டிமாலஜி டிக்ஷனரி. சந்தேகம் வந்தால் இந்த இரண்டையும் பாருங்கள், ஊகத்தை நம்ப வேண்டாம்.

அப்புறம் வேடிக்கைக்கு மூன்று சொல். ஜாம், மாயின், ஆயேர். மலாயில் மணி, விளையாடு, தண்ணீர். அதே எழுத்துகளை ஆங்கிலத்தில் படித்தால் ஜாம், மெயின், ஏர். பாலம் என்றால் இந்த மாதிரி ஓட்டையும் இருக்கும்.

படி 7: பேசாத எழுத்துகளைப் பேச வைப்பது

சைன் என்பதில் ஜி எதற்கு? டெட் என்றால் கடன், அதில் பி எதற்கு? சும்மா மனப்பாடம் செய் என்றுதான் நமக்கெல்லாம் சொன்னார்கள். தேவையே இல்லை. ஊமையாக நிற்கும் எழுத்து அதே குடும்பத்து இன்னொரு சொல்லில் வாய் திறக்கும். சைனில் பேசாத ஜி, சிக்னேச்சரிலும் சிக்னலிலும் பேசும். தசை என்று பொருள்படும் மசலில் பேசாத சி, மஸ்குலரில் பேசும். டெட்டில் பேசாத பி, நாம் வங்கியில் தேய்க்கும் டெபிட் கார்டில் பேசும். உண்மையில் டெட்டில் அந்த பி தொடக்கத்தில் இல்லை. லத்தீன் தெபித்தும் என்ற மூலத்தைக் காட்ட வேண்டும் என்று பிற்காலப் படிப்பாளிகள் கொண்டுவந்து செருகியது. அவர்கள் மெனக்கெட்டதற்கு நம் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கிறார்கள்.

கேயும் என்னும் சேர்ந்து வரும் நீ, நைஃப், நோ, நாட் போன்றவற்றில் முற்காலத்தில் கே ஒலித்தது. வாய் விட்டாலும் எழுத்து விடவில்லை. சைக்காலஜியில் முதல் எழுத்து பி என்பது மறந்தால் மலாயைக் கூப்பிடுங்கள், சிக்கொலொகி என்று யாரும் எழுதுவதில்லை, ப்சிக்கொலொகி.

டபிள்யூவும் ஆரும் சேர்ந்து தொடங்கும் சொற்களில் இன்னொரு அழகு. ரிஸ்ட், மணிக்கட்டு. ரெஞ்ச், திருகு சாவி. ரிங், பிழிவது. ரிங்கிள், சுருக்கம். ரெஸில், மல்லுக்கட்டுவது. ரிகிள், நெளிவது. எல்லாவற்றிலும் முறுக்கல் இருக்கிறது. தப்பு என்று பொருள்படும் ராங் கூட வளைந்தது, கோணலானது என்ற பொருளில் வந்ததுதான். ஜி, எல் சேர்ந்தால் ஒளி: கிளிட்டர், கிளீம், குளோ, கிளேர். எஸ், என் சேர்ந்தால் மூக்கு: ஸ்னிஃப், ஸ்னீஸ், ஸ்னோர், ஸ்னவுட். இப்படி ஒலியோடு ஒட்டிய பொருளுக்கு ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் 1930-இல் ஒரு கலைச்சொல்லே உருவாக்கினார். தமிழர்களுக்கு இது சட்டென்று புரியும், மின்னல், மினுக்கு, மினுமினுப்பு என்று நமக்கே இருக்கிறதே. இதை விதியாக எடுக்காதீர்கள். பாம்பான ஸ்னேக்குக்கும் மூக்குக்கும் சம்பந்தமில்லை, கையுறையான கிளவ் ஒளி வீசாது.

படி 8: ஏமாற்றுக்காரர்கள்

நோட்டின் அடியில் விட்ட இடம் இவர்களுக்கு.

'பெட்' என்றால் லத்தீனில் கால். பெடல் காலால் மிதிப்பது, பெடஸ்ட்ரியன் நடந்து போகிறவர், சென்டிபீட் நூறுகால் பூச்சி. ஆனால் மருத்துவமனையில் பெடியாட்ரிக் என்று எழுதியிருக்கும் பிரிவுக்குக் கால்வலிக்காரர் போகக் கூடாது. அது குழந்தைகள் பிரிவு. அங்கே இருப்பது கிரேக்கச் சொல், குழந்தை என்று பொருள். 'டென்ட்' பல்: டென்டிஸ்ட், டென்டல். ஆக்ஸிடென்ட்டிலும் அதே எழுத்துகள் இருக்கின்றன, ஆனால் அதன் உண்மையான துண்டு விழுதல் என்ற பொருளுள்ள வேறொன்று. விபத்தில் பல் உடையலாம், அது வேறு கதை.

அங்கிளில் இருக்கும் 'அன்' எதிர்மறை இல்லை. பிரெஸ்ஸில் 'பிரி' இல்லை. சோதிக்கும் முறை எளிது. துண்டை எடுத்துவிட்டுப் பாருங்கள், மிச்சம் நிற்பது உங்களுக்குத் தெரிந்த இன்னொரு சொல்லிலும் வருகிறதா? வந்தால் பெரும்பாலும் உண்மையான துண்டு. வராவிட்டால் அகராதி.

படி 9: தேர்வுத் தாளில்

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கிலத் தாளான 1119-இல் வாசித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என்று நாலும் உண்டு. வாசிப்புப் பகுதியில் தெரியாத சொல் வந்தால் பேனாவைக் கீழே வைக்காதீர்கள். சொல்லைக் கோடு போட்டுப் பிரியுங்கள். தெரிந்த துண்டின் பொருளை வையுங்கள். பிறகு வாக்கியத்தைத் திரும்பப் படித்து அந்தப் பொருள் பொருந்துகிறதா என்று பாருங்கள். கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

உதாரணத்துக்கு, தண்ணீர் விநியோகம் டிஸ்ரப்ட் ஆகும் என்று ஒரு வாக்கியம். 'ரப்ட்' என்றால் உடை. எரிமலை எரப்ட் ஆவது தெரியும், வெடித்து வெளிவருவது. இன்டரப்ட் தெரியும், நடுவில் புகுந்து பேச்சை முறிப்பது. 'டிஸ்' என்பது டிஸ்ட்ராக்டில் பார்த்தது, வேறு பக்கம். அப்படியானால் தண்ணீர் வருவது முறிந்து போகும், தடைபடும். வாக்கியத்தில் வைத்தால் பொருந்துகிறது.

எழுதும்போது இந்த முறையை அளவோடு வையுங்கள். துண்டைத் தெரிந்த குஷியில் அகராதியில் இல்லாத சொல்லைப் பிள்ளைகள் தாமே செய்துவிடுவார்கள். படித்துப் பார்த்த சொல்லை மட்டும் கட்டுரையில் போட வேண்டும்.

படி 10: துண்டில் அடங்காத சொற்களும், வீட்டுப் பெரியவர்களின் பங்கும்

கெட், புட், டேக், கிவ், கம், கோ. இவை பழைய வீட்டுச் சொற்கள், பிரிக்க வராது. கிவ் அப் என்றால் கைவிடுவது, புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது. இவற்றை வாக்கியத்தோடுதான் படிக்க வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கங்களை இவற்றுக்கு ஒதுக்குங்கள், வாரத்துக்கு ஐந்து போதும்.

ஆங்கிலம் தெரியாத அம்மாவோ பாட்டியோ இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்பார்கள். நிறைய. ஞாயிற்றுக்கிழமை நோட்டை வாங்கி ஆங்கிலப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, தமிழ்ப் பொருளை மட்டும் வாசித்துக் கேட்கலாம். "இழுக்குறதுன்னு போட்டிருக்கு அய்யா, இந்த வீட்டுல எத்தனை பேரு?" பிள்ளை டிராக்டர், அட்ராக்ட் என்று அடுக்கும். எண்ணிக்கை குறைந்தால் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துவிட்டு அடுத்த ஞாயிறு முதலில் அதையே கேட்கவும். மூன்று ஞாயிறு தொடர்ந்து எல்லாச் சொல்லும் வந்த பக்கத்தை இனிக் கேட்க வேண்டாம், மடிப்பை நிமிர்த்திவிடலாம்.